ஏர் ரைஃபிள் அடி சிதறுகிறதா? ஓட்டைகளைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஸ்பேனரைக் கீழே வையுங்கள். முதலில், சுட்ட தாளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகள் எந்த வடிவில் விழுந்திருக்கின்றன என்பதை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பலர் க்ரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) கெட்டதும் நேராக ஸ்பிரிங்கைக் கழற்றப் போகிறார்கள். கடைசியில் தொட வேண்டிய இடம் அது.

இங்கே சொல்வதெல்லாம் .177, அதாவது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு, அதிலும் பேரலை, அதாவது குழலை, மடக்கி ஏற்றும் ரகத்துக்கு. கடையில் வாங்கிய துப்பாக்கியில் ட்ரிக்கரைச் சீர்செய்து, சீல் மாற்றி, ஸ்டாக் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) ஒரு இடத்திலும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இன்னொரு இடத்திலும் வாங்கிச் சேர்த்துக் கட்டியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். 4.5 மி.மீ.க்கும் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்காக அணிலையும் மைனாவையும் குறிவைத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு பக்கமிருந்து வரும். நமக்கு வேலை தாளோடு மட்டும்.

சோதிக்கும் முறை சரியாக இருக்கிறதா?

இதைச் சரிசெய்யாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம். தூரம் 10 மீட்டர், டேப் வைத்து அளந்தது. காற்று வீசாத இடம். பின்னால் குண்டைத் தாங்க, பழந்துணியை இறுக்கி அடைத்த கனமான பெட்டி. அதன் பின்புறம் இரும்புத் தகடு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஈயக்குண்டு தகட்டில் பட்டால் திரும்பி வரும். சுட்டு முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

பெல்லட், அதாவது ஈயக்குண்டு, தட்டைத் தலையுள்ளதாக இருக்கட்டும். போட்டிகளில் பயன்படுத்தும் இந்த வகை, சுமார் 0.53 கிராம் எடையில் கிடைக்கிறது. தாளில் பன்ச் போட்டதுபோல் வட்டமாக வெட்டும். உருண்டைத் தலை பெல்லட் தாளைக் கிழித்துவிடும், அந்தக் கிழிசலை வைத்து எதையும் அளக்க முடியாது.

அடுத்து, ஐந்து குண்டு க்ரூப்பை நம்பாதீர்கள். ஐந்து ஒரே ஓட்டையில் போய் அமர்வதும் உண்டு, அதே துப்பாக்கி அடுத்த ஐந்தை இரண்டு மடங்கு அகலத்தில் வைப்பதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே நீங்கள் ஒரு ஸ்க்ரூவைத் திருகியிருந்தால், திருகியதுதான் கெடுத்தது என்று நம்பிவிடுவீர்கள். பத்துக் குண்டு சுடுங்கள். மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து, 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். மணல் மூட்டையில் தாங்கி, 10 மீட்டரில், பத்துக் குண்டுக்கு 8 மி.மீ.க்குள் வந்தால் என் கணக்கில் நல்ல துப்பாக்கி. 15-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. என்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அங்கே இருக்கும் துப்பாக்கி வேறு.

தாளின் ஓரத்தில் தேதி, பெல்லட் டின், என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்.

அறிகுறி: நாலா பக்கமும் சிதறல்

மேல், கீழ், இடம், வலம் என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுகிறது. முதலில் ஸ்டாக் ஸ்க்ரூக்கள். முன்கட்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிக்கர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் ஒரு தள்ளு, முன்னால் ஒரு தள்ளு என்று இரண்டு திசையிலும் உதறுவதால் இவை தாமாகவே கழன்று வரும். கழற்றி, மரையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்து, திரும்பக் கழற்றக்கூடிய நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். மர ஸ்டாக் என்றால் மரம் நசுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. நசுங்கிய மரம் மறுபடி இளகும், நீங்களும் மறுபடி இறுக்குவீர்கள், அதற்கு முடிவே இல்லை. குழிந்த வாஷர் போட்டால் அழுத்தம் பரவும்.

ஸ்க்ரூ சரி என்றால் பெல்லட். டின்னிலிருந்து ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். பாவாடை, அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, சப்பையாகிக் கிடப்பவற்றை ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பேரலில் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். சில வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், சில கட்டை விரலை அழுத்தி வைத்தால்தான் போகும். இப்படிக் கலந்திருந்தால் அந்த டின்னால் நல்ல க்ரூப் வராது. நல்ல பெல்லட்டுகள் 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு குறித்து விற்கப்படுகின்றன. நூறில் ஒரு மி.மீ. வித்தியாசம்தான், ஆனாலும் உங்கள் பேரலுக்கு ஒன்று பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. விலை உயர்ந்தது எதுவோ அதுதான் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. புது வகைக்கு மாறினால் முதல் பத்து இருபதைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, அப்புறம் தாளை மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து இன்னும் சிதறினால், சங்கடமான விஷயத்துக்கு வர வேண்டும்: பிடி.

ட்ரிக்கரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கி பின்னால் போகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் காற்றுத் திண்டில் மோதியதும் துப்பாக்கி முன்னால் எகிறுகிறது. இந்தக் கூத்து நடக்கும்போது பெல்லட் இன்னும் பேரலுக்குள்ளேயே இருக்கிறது. ஆக, பெல்லட் வெளியேறும் நொடியில் பேரல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை, துப்பாக்கி எவ்வளவு தாராளமாக நகர விடப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். ஒரு குண்டுக்கு இறுக்கி, அடுத்ததற்குத் தளர்த்தினால் சிதறல்.

1960களில் போட்டித் துப்பாக்கி செய்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஜெர்மன் நிறுவனமான ஃபைன்வெர்க்பாவ் தன் 150 மாடலிலும் பிறகு 300-லும் சிலிண்டரும் பேரலும் சேர்ந்து ஸ்டாக்கின் மேல் தண்டவாளத்தில் வழுக்கிப் போகும்படி செய்தது. இன்னொரு ஜெர்மன் நிறுவனமான டயானா ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்தது. நம் துப்பாக்கியில் அதெல்லாம் கிடையாது. அந்தத் தண்டவாள வேலையை நம் உள்ளங்கைதான் செய்ய வேண்டும். கையை மணல் மூட்டையின் மேல் மல்லாத்தி வைத்து, விரித்த உள்ளங்கையில் முன்கட்டையை உட்கார வையுங்கள். விரல்கள் மடங்கக் கூடாது. தோளில் லேசாகத் தொட்டால் போதும், கன்னத்தின் கனமும் இறங்கக் கூடாது. துப்பாக்கியை நேரடியாக மூட்டையிலோ மரக்கட்டையிலோ வைத்தால் அது துள்ளி வேறு இடத்துக்கு அடிக்கும். உள்ளங்கை ட்ரிக்கர் கார்டை ஒட்டி இருப்பதா, முன்னால் தள்ளி இருப்பதா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இரண்டு இடத்திலும் பத்துப் பத்துச் சுட்டுப் பார்த்து, நன்றாக வரும் இடத்தில் ஸ்டாக்கில் சின்ன டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். குண்டு தாளில் பட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் குறியிலேயே கண் இருக்கட்டும்.

பிடியா, துப்பாக்கியா என்று சந்தேகம் வந்தால் வேறொருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் க்ரூப் சுருங்கினால் ஸ்பேனருக்கு வேலை இல்லை.

அறிகுறி: இரண்டு தனித்தனிக் க்ரூப்

எனக்கு மிகப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் இது பொய் சொல்லாது. ஆறு குண்டு ஒரு இடத்தில் நெருக்கமாக, நான்கு குண்டு ஒரு விரல் தள்ளி அதே நெருக்கத்தில். துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ ஏதோ ஒரு பாகம் இரண்டு நிலைகளில் மாறி மாறி உட்காருகிறது என்று அர்த்தம். பிடி மோசமாக இருந்தால் இப்படி அழகாகப் பிரியாது.

மடக்கும் துப்பாக்கியில் முதல் சந்தேகம் பேரல் கீல். மூடிய பேரலின் முனையைப் பிடித்து இடம் வலமாக லேசாக அசையுங்கள். 'டக்' என்று கையில் தட்டுப்பட்டால் கண்டுபிடித்துவிட்டீர்கள். இன்னொரு சோதனை: துப்பாக்கியை முழுதாக ஏற்றி, பெல்லட் வைக்காமல், சேஃப்டியைப் போட்டு, பேரலைப் பாதி மடங்கிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அது அங்கேயே நிற்க வேண்டும், தொங்கிக்கொண்டு கீழே இறங்கக் கூடாது. இதைச் செய்யும்போது ஒரு கை பேரலை விட்டு விலகவே கூடாது, விரல் பேரல் வாய்க்கு, அதாவது பெல்லட் வைக்கும் பின்முனைக்கு, அருகே போகவே கூடாது. ட்ரிக்கர் நழுவினால் பேரல் விரலை வெட்டிவிடும் வேகத்தில் மூடும். சோதனை முடிந்ததும் அப்படியே வெறுமனே சுட்டுவிடாதீர்கள். பெல்லட் இல்லாமல் சுட்டால் காற்றுத் திண்டு கிடைக்காமல் பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும். ஒரு பெல்லட் போட்டுத் தாளில் சுட்டு இறக்குங்கள்.

கீல் தளர்ந்திருந்தால் அதன் போல்ட்டைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்கிப் பாருங்கள். சில மாடல்களில் போல்ட் இல்லாமல் பின் மட்டும் இருக்கும், அதற்குப் பக்கவாட்டு வாஷரை மாற்றினால்தான் தீரும். பேரலைப் பூட்டும் நாக்கில் பழைய கிரீஸும் ஈயத் துகளும் சேர்ந்திருந்தாலும் இதே இரட்டைக் க்ரூப் வரும். துடைத்து எடுங்கள். மூடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வேகத்தில் மூடுங்கள்.

கீல் சரி என்றால் ஸ்கோப். துப்பாக்கியில் இரும்புக் குறி இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அதை வைத்துச் சுடுங்கள். க்ரூப் கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. ஒன்றாகிவிட்டால் குற்றவாளி ஸ்கோப்போ அதைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் மவுண்ட்டோதான். சாதாரண வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப் பின்பக்க உதைக்கு மட்டுமே செய்யப்பட்டது. ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்பக்க எகிறலில் உள்ளே லென்ஸைத் தாங்கும் குழாய் தளர்ந்துவிடும். ஏர் ரைஃபிளுக்கென்று சொல்லி விற்பதை வாங்குவது ஆடம்பரம் அல்ல.

அறிகுறி: மேலும் கீழுமாக ஒரே கோட்டில்

இதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது "வேகம் மாறுகிறது, ஸ்பிரிங் போச்சு." கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்லட் சராசரியாக நொடிக்கு 190 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடந்தால், புவியீர்ப்பில் சுமார் 13.5 மி.மீ. இறங்கும். வேகம் 180 ஆகக் குறைந்தால் சுமார் 15 மி.மீ. வித்தியாசம் வெறும் ஒன்றரை மி.மீ. ஆகவே 10 மீட்டரில் 15 மி.மீ. நீளத்துக்கு ஓட்டைகள் வரிசை கட்டினால் அதற்கு வேக மாற்றத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அது உங்கள் முன்கை. உள்ளங்கை ஒரு குண்டுக்கு முன்னால், ஒரு குண்டுக்குப் பின்னால் போகிறது, அல்லது கன்னம் அழுத்துகிறது.

25 மீட்டரில் கதை வேறு. சராசரி வேகத்தில் நொடிக்கு அதே 10 மீட்டர் வித்தியாசம் அங்கே சுமார் ஒரு சென்டிமீட்டர் இழுக்கும். 10-இல் நன்றாகவும் 25-இல் நெட்டுக்குத்தாகவும் வந்தால்தான் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் பத்துக் குண்டு ஓட்டிப் பாருங்கள். ஆற்றல் கணக்கும் அதிலேயே வந்துவிடும்: 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10.6 ஜூல்.

க்ரோனோகிராஃப் இல்லாவிட்டால் டிஷ்யூ தாள் போதும். மெல்லிய கீற்றாகக் கிழித்து, மூடிய பேரல் வாயின் இடுக்கின் மேல் படுக்க வைத்துச் சுடுங்கள். தாள் பறந்தால் அங்கே சீல் கசிகிறது. பேரலைச் சுற்றி இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் வளையம் தட்டையாகி, பளபளப்பாகியிருக்கும். ஊசி முனையால் நெம்பி எடுத்து, அதே அளவு ஓ-ரிங் போடுங்கள். மலிவான பழுது, ஆனால் பலர் பிஸ்டன் சீலை மாற்றிவிட்டு அப்புறம்தான் இதைப் பார்க்கிறார்கள்.

அறிகுறி: புகை, பட்டாசுச் சத்தம், எங்கேயோ போகும் குண்டு

சிலிண்டருக்குள் எண்ணெய் போயிருக்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் அந்த எண்ணெய் டீசல் என்ஜினில் நடப்பதுபோல் தானாகவே பற்றிக்கொள்கிறது. புதுத் துப்பாக்கியில் முதல் சில குண்டுகளுக்கு லேசாகப் புகை வருவது சகஜம். தொடர்ந்து வெடித்தால் சீலும் ஸ்பிரிங்கும் கெடும். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ துளைக்குள் விடுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். கனமான பெல்லட்டாகச் சுட்டுச் சுட்டு அது எரிந்து தீர விடுங்கள். தீராவிட்டால் கழற்றித் துடைப்பதுதான் வழி.

அறிகுறி: குறுக்கே பரவுகிறது

வெளியில் சுட்டால் காற்று. உள்ளே சுட்டும் குறுக்கே பரவினால் ட்ரிக்கர் விரல். விரலின் நடு மடிப்பால் இழுத்தால் துப்பாக்கி பக்கவாட்டில் தள்ளப்படும், நுனிச் சதையால் நேராகப் பின்னுக்கு இழுங்கள். ஒரு பக்கக் கட்டை ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அறிகுறி: 10 மீட்டரில் சரி, 25-இல் ஒரு பக்கம் போகிறது

க்ரூப் நெருக்கமாகவே இருக்கிறது, ஆனால் தூரம் கூடக்கூட இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்கிறது. ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி சாய்ந்திருக்கிறது, அல்லது ஸ்கோப் பேரலுக்கு நேர் மேலே இல்லை. 25 மீட்டரில் கொத்தனாரின் தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டம் பார்த்து வைத்து, நெட்டுக் கம்பியை நூலோடு பொருத்துங்கள். பிறகு வளைய ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் ஸ்கோப் மறுபடி உருளும்.

அறிகுறி: ஸ்கோப்பைத் திருகியும் அடி நகரவில்லை, அல்லது தானாக நகர்கிறது

திருகி நகரவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறே இல்லை. கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 100 கஜத்தில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும். 10 மீட்டரில் அது வெறும் 0.7 மி.மீ. நான்கு க்ளிக் திருகிவிட்டு ஓட்டையைத் தேடினால் என்ன தெரியும்? இருபது திருகுங்கள்.

தானாக நகர்ந்தால் மூன்று இடம் பாருங்கள். மவுண்ட் பின்னால் ஊர்ந்திருக்கிறதா? பென்சிலால் தண்டவாளத்தில் ஒரு கோடு போட்டுச் சுட்டால் தெரியும். துப்பாக்கியில் நிறுத்தத் துளை இருந்தால், தடுப்புப் பின் உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட் வாங்குங்கள். இரண்டாவது, மேல்-கீழ் குமிழ் எல்லை வரை ஏறிவிட்டதா? மடக்கும் துப்பாக்கிகளில் பேரல் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது வழக்கம். அதை ஈடுகட்டக் குமிழை மேலே மேலே ஏற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, குறி அலையும். குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, பின் வளையத்துக்கு அடியில் மெல்லிய தகடு வைத்தோ சரிவு மவுண்ட் போட்டோ ஈடுகட்டுங்கள்.

மூன்றாவது உங்கள் கண். பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்குப் பொருத்தப்பட்டவை. அதை 10 மீட்டரில் பயன்படுத்தினால், 40 மி.மீ. முன்கண்ணாடியில் கண் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது குறி 18 மி.மீ. வரை விலகலாம். துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் ஆட்டிப் பாருங்கள், குறுக்குக் கம்பி தாளின் மேல் நடந்தால் இதுதான். 10 மீட்டர் வரை ஃபோகஸ் இறங்கும் ஸ்கோப் வேண்டும். அது வரும் வரை கன்னத்தை ஒரே இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: ஓட்டை வட்டமாக இல்லை

நீள்வட்டமாக, பெல்லட் பக்கவாட்டில் புகுந்ததுபோல் இருந்தால் அது பறக்கும்போதே தள்ளாடுகிறது. பேரல் முனையைச் சந்தேகியுங்கள். பஞ்சுத் துணுக்கை எடுத்து முனையின் உள் விளிம்பைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். ஓரிடத்தில் இழை சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. சுவரில் சாத்தி வைத்த துப்பாக்கி சரிந்து விழுந்ததாலேயே வரும் கோளாறு இது. விளிம்பைச் சீர்செய்ய லேத் உள்ள நல்ல கைவினைஞரிடம் கொடுங்கள். பிசிர் இல்லையென்றால் உள்ளே ஈயம் படிந்திருக்கும். மடக்கிய நிலையில், பின் பக்கமிருந்து துணிப்பட்டையை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். உலர் துணியே பெரும்பாலும் போதும், பித்தளைத் தூரிகை அடிக்கடி வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லை

இப்போதுதான் ஸ்பிரிங். சுடும்போது கரகரவென்று அதிர்ந்து ஒலித்தால், அல்லது ஏற்றும்போது நடுவில் தடுக்கினால், ஸ்பிரிங் வளைந்தோ உடைந்தோ இருக்கலாம். ஓய்வு நிலையிலும் அது அழுத்தப்பட்டே இருக்கிறது. கையால் தாங்கிக்கொண்டு பின் மூடியைக் கழற்றினால் முகத்துக்கு நேரே வரும். ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் தொடாதீர்கள். இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

புது ஸ்பிரிங்கும் சீலும் போட்டு வந்த துப்பாக்கி முதல் நூறு குண்டுக்கு நிலையாக இருக்காது. அதற்குள் ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். அது படிந்த பிறகு பெல்லட் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் பழைய ஸ்பிரிங்குக்கு ஒத்துவந்த பெல்லட் இதற்கு ஒத்துவராமல் போகலாம். முன்பு ஒதுக்கி வைத்த டின்களையும் சேர்த்துச் சுட்டுப் பாருங்கள்.